அவசரப்படாமலும் அசந்துவிடாமலும் பார்த்துக்கொண்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நல்ல செய்தி. புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து 6 வாரம் கழித்து எடுத்த பி.எஸ்.ஏ. (அந்தச் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதத்தின் அளவு) 0.1-க்கும் கீழே வந்திருக்கிறது. ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து சொல்ல ஆசை. அதுவரை இந்த மடல்.

டாக்டர் அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. குளிர்காய்ச்சலும் நீர்க்கடுப்புமாக உங்கள் முன் வந்து உட்கார்ந்தபோது என் கையில் வேறோர் இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது. பி.எஸ்.ஏ. 18. உடனே பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "முதலில் காய்ச்சலைப் பார்ப்போம். புரோஸ்டேட்டில் அழற்சி இருந்தாலே இந்த எண் ஏறும். இதை வைத்துப் புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது" என்றீர்கள். தொற்று இருக்கும்போது ஊசி போட்டுத் திசு எடுத்தால் கிருமி ரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதையும் என் மனைவிக்குப் புரியும்வரை விளக்கினீர்கள். சிறுநீரில் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர், 4 வாரம் ஆன்டிபயாடிக், அப்புறம் 2 மாத இடைவெளி, மறுபடி ரத்தம்.

6.4 என்று வந்தது. கண்டம் தாண்டிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். "இறங்கியது சரி, இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கவில்லையே" என்று நீங்கள்தான் எம்.ஆர்.ஐ. எழுதினீர்கள். அதில் ஓர் இடம் சந்தேகமாகத் தெரிந்தது, பயாப்சியில் உறுதியானது. அன்று நீங்கள் விட்டிருந்தால் நானும் சந்தோஷமாக விட்டிருப்பேன். இதை நினைக்காத நாளில்லை.

திசுவைப் பார்த்துச் சொன்ன நோயியல் மருத்துவரை நான் சந்தித்ததே இல்லை. புற்றுநோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 3+4 என்று எழுதியிருந்தீர்கள். 4+3 என்றாலும் கூட்டினால் 7தான், ஆனால் அது இன்னும் வேகமாகப் பரவக்கூடிய வகையாம். என் சிகிச்சை முடிவெல்லாம் அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் நடந்தது.

கதிர்வீச்சா, அறுவையா என்று நான் தடுமாறியபோது, அறுவையே செய்பவராக இருந்தும் "கதிர்வீச்சு மருத்துவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிய சர்ஜன் சாருக்கு நன்றி.

சிஸ்டர், உங்களுக்கு என்ன சொல்வது? சிறுநீர் டியூபை எடுத்த பிறகு இருமினாலும் எழுந்தாலும் சிறுநீர் கசிந்தது. இந்த வயதில் பேடு வைத்துக்கொள்ள நேர்ந்ததே என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். நீங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல் எந்தத் தசையை இறுக்க வேண்டும், எத்தனை எண்ணும்வரை பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். தாம்பத்தியம் பற்றி நான் கேட்கக் கூசியதையும் நீங்களே எங்கள் இருவரிடமும் பேசினீர்கள். இப்போது ஒரு நாளைக்கு ஒரே பேடு.

தம்பி, அப்பா அல்லது அண்ணனுக்கு இருந்தால் நமக்கும் வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் சொல்லத் தயங்கினேன். நீ கோபப்படவில்லை, தள்ளிப்போடவும் இல்லை. "அண்ணா, ரத்தம் கொடுத்துட்டேன்" என்று மறுநாளே போன் செய்தாய். ரிசல்ட் எதுவானாலும் முதலில் என்னைக் கூப்பிடு. நான் கூட வருகிறேன்.