துருவக் கடலின் உவர்ப்பு குறைவதும் கவனத்துக்குரியதே

ஆசிரியர் அவர்களுக்கு,

துருவப் பனி உருகுவது பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் கடல்மட்ட உயர்வோடு நின்றுவிடுகின்றன. தாழ்நிலத்தில் வாழும் எங்களுக்கு அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும், ஏற்கெனவே கடலில் மிதக்கும் பனிக்கட்டி உருகும்போது கடல்மட்டம் ஏறக்குறைய மாறாது. மேல்நீரின் உவர்ப்போ குறைந்துவிடும். அது அங்குள்ள உணவு வலையை அடியிலிருந்தே மாற்றுவதைத் தங்கள் மாணவர் பக்கத்திலேனும் எழுதினால் உயர்தர உயிரியல் மாணவர்களுக்குப் பயன்படும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லினுள் மழைநீர் உவர்நீரின்மேல் தங்கி நிற்பதாலேயே எங்கள் கிணறுகளில் நன்னீர் கிடைக்கிறது. கிணற்றுக்கு வாய்ப்பான அதே படைபிரிவு (நன்னீர் மேலும் உவர்நீர் கீழுமாக நிற்றல்), துருவக் கடலில் தாவர மிதவையுயிர்களுக்குப் போசணையான ஆழத்து நைத்திரேற்று வெயில் படும் மேற்படைக்கு ஏறுவதைத் தடுக்கிறது. உலகச் சமுத்திர நீரில் ஏறத்தாழ 1 சதவீதமே கொண்ட ஆட்டிக் சமுத்திரத்தில், உலக ஆறுகளின் நீரில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு வந்து கலக்கிறது. கனடாவுக்கு வடக்கேயுள்ள ஆழ்கடற் பகுதியில் 2004 முதல் 2008 வரை மேல்நீரின் உவர்ப்பும் நைத்திரேற்றும் குறைய, மிகச் சிறிய தாவர மிதவையுயிர்கள் பெருகி, அவற்றைவிடப் பெரியவை குறைந்தமை பதிவாகியுள்ளது.

அந்தாட்டிக் குடாநாட்டில் இதன் தொடர்ச்சி இன்னும் தெளிவு. பனிக்கட்டியாறுகளின் உருகுநீர் பரவும் கரையோரங்களில் டயற்றம்கள் என்னும் தாவர மிதவையுயிர்களின் இடத்தை, ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கைவிடச் சிறிய கிறிப்டோபைற்றுகள் என்னும் வேறொரு வகை பிடித்துக்கொள்கின்றன. இறால் போன்ற சிறு உயிரியான கிறில் இவ்வளவு சிறியவற்றைச் செவ்வையாக வடித்துண்ண இயலாது. சல்ப் என்னும் கூழுடல் உயிரி உண்ணும். ஆனால், உடலில் பெரும்பகுதி நீராகவே உள்ள சல்ப், கிறிலை நம்பி வாழும் பென்குவினுக்கும் திமிங்கிலத்துக்கும் அதற்கு ஈடான இரையன்று. வெப்பமும் பனிக்கட்டிக் குறைவும் இம்மாற்றத்தில் பங்குகொள்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதற்காக, உருகுநீர் என்றாலே கேடு என்று எழுதிவிடுவதும் பிழை. கிறீன்லாந்தின் குடாக்களில் கடலுக்குள் முடியும் பனிக்கட்டியாற்றின் அடியிலிருந்து வெளிப்படும் நன்னீர், மேலெழும்போது போசணை மிக்க ஆழ்நீரையும் உடன் இழுத்து வருவதால், கோடையில் மிதவையுயிர்கள் செழிக்கின்றன. அங்குள்ள மீன்பிடித் தொழிலுக்கும் அது துணை. அதே பனிக்கட்டியாறு தேய்ந்து நிலத்துக்குப் பின்வாங்கினால், உருகுநீர் மேற்பரப்பில் மட்டும் பரவும். ஆழ்நீர் மேலே வருவதில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
வடமராட்சி.