ஒரே கோடாக ஓட வேண்டிய வயர்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே ஒரு பெரிய அரங்கத்தில் மூன்று வாரமாக வேலை. மேடைக்கு இடப்பக்கம், வலப்பக்கம், பால்கனிக்குப் பின்னால் என்று 3 ரேக்கில் (கருவிகளை அடுக்கும் சட்டம்) 12 ஆம்ப், அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர். எல்லாவற்றின் சூட்டையும் மியூட்டையும் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். ஆனால் நிகழ்ச்சி நடுவே இரண்டு மூன்று ஆம்ப் திரையிலிருந்து காணாமல் போய்விடும். ஒலிக்கு வயர் தனி என்பதால் பாட்டு நிற்காது. ஆனால் எந்த ஆம்ப் கொதிக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை.

கன்ட்ரோல் லைன் ஆர்எஸ்-485, அதாவது ஒரே ஜோடி வயரில் பல கருவிகள் தகவல் பேசிக்கொள்ளும் முறை. கரண்ட்டை அணைத்துவிட்டு அந்த இரண்டு வயருக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். 31 ஓம் காட்டியது. காரணம் அப்போதே பிடிபட்டது. முன்பு வேலை பார்த்தவர்கள் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒவ்வொரு ரேக்குக்கும் தனித்தனிக் கிளையாக இழுத்து, நாலு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தார்கள். இந்த லைன் ஒரு ஆம்பிலிருந்து அடுத்த ஆம்புக்கு என்று ஒரே கோடாகப் போக வேண்டும்; அதன் இரண்டு கடைசியில் மட்டும்தான் ரெசிஸ்டர். 54 ஓம் வரைக்கும் தள்ளத்தான் டிரைவருக்கு, அதாவது சிக்னலை அனுப்பும் சிப்புக்கு, கணக்கு. அதற்குக் கீழே போனால் சிக்னல் இளைத்துவிடும். போதாததற்குக் கிளை பிரிகிற இடத்தில் சிக்னல் திரும்பி வந்து மோதும் எதிரொலி வேறு.

சரி, சுவரை உடைத்துப் புதுக் குழாய் போட முடியுமா? முடியாது. அப்புறம்தான் குழாயில் ஓடும் கேட்-5 நெட்வொர்க் கேபிளில் நாலு ஜோடி வயர் இருப்பது உறைத்தது. லைன் இப்போது ஆரஞ்சு ஜோடியில் ரேக்குக்குப் போய், ஆம்ப்களை வரிசையாகத் தொட்டு, பச்சை ஜோடியில் கன்ட்ரோல் ரூமுக்கே திரும்பி, அங்கிருந்து அடுத்த ரேக்குக்குப் புறப்பட்டது. குழாய் பழையபடி கிளையாகவே இருக்கிறது, மின்சாரத்துக்கு அது ஒரே கோடு. சுமார் 150 மீட்டர். ஆர்எஸ்-485க்கு 1200 மீட்டர் வரை இடம் உண்டு, கவலையில்லை. இப்போது மீட்டர் 65 ஓமை ஒட்டி நிற்கிறது. 120க்கு 120 இணையாக 60, மிச்சம் வயரின் தடை. அந்த எண்ணைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது, மாப்ளே.

இன்னும் இரண்டு விஷயம். இந்த லைனின் இரண்டு வயருக்கும் வைத்திருக்கும் ஏ, பி என்ற பெயரை மட்டும் நம்பாதே. ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனிக்கு பி. இரண்டு ஆம்புக்கு ஒரே முகவரி வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி ஒன்றும் கேட்காது. நான் 12க்கும் நம்பர் ஒட்டிவிட்டேன். பார்வைக்கு நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே-45 கனெக்டர்தான் என்பதால் யாராவது நெட்வொர்க் ஸ்விட்சில் செருகிவிடக் கூடாதே என்று சாக்கெட்டுகளுக்குச் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

நீ இப்போது செய்யும் வேலை ஈத்தர்நெட் (கம்ப்யூட்டர் நெட்வொர்க்) வழி இணையும் ஆம்ப் என்று எழுதியிருந்தாய். அங்கே நேர்மாறு: ஸ்விட்சிலிருந்து கிளையாகப் போவதுதான் சரி, ஒவ்வொரு கிளையும் 100 மீட்டருக்குள். அதே கேபிள், அதே கனெக்டர் என்பதால்தான் இவ்வளவு குழப்பமும். உன் அரங்கத்தில் பால்கனி ரேக் எவ்வளவு தூரம்? ஒரு படம் வரைந்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி