2025ஆம் ஆண்டறிக்கை: லாங்தொக் சிவப்பு ஒயின்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போர்தோ, பூர்கோஞ் ஒயின்களை ஓராண்டு ஒதுக்கி வைத்துவிட்டு, தென் பிரான்சில் மத்தியதரைக் கடலை ஒட்டி நீம் நகரிலிருந்து கார்காசோன் வரை விரியும் லாங்தொக் பகுதியின் சிவப்பு ஒயின்களை மட்டுமே சுவைத்துப் பழகுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அத்தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியதற்குச் சங்கத்தின் நிதிநிலையும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் மலிவு என்று எண்ணிக் கையில் எடுத்த பகுதி, பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு மட்டுமே தன் சிறப்பைக் காட்டும் என்பது இரண்டாம் கூட்டத்திலேயே விளங்கிவிட்டது. ஆகவே இவ்வறிக்கை பெரும்பாலும் தேர்வைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது.

முதல் கூட்டத்தில் பகுதியின் வரலாறு பேசப்பட்டது. பிரான்சின் தொழிலாளர்களுக்கு அன்றாட ஒயினை வழங்கிவந்த இந்த மண், மிகை உற்பத்தியாலும், சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துச் செய்த போலி ஒயினாலும் விலை சரிந்து, 1907இல் கொந்தளித்தது. அர்ழெலியே என்ற சிற்றூரைச் சேர்ந்த மார்சலேன் அல்பேர் தலைமையில் லட்சக்கணக்கானோர் திரண்டனர்; நார்போனில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின; அதே ஆண்டு ஜூன் 29ஆம் தேதி மோசடிக்கு எதிரான சட்டம் வந்தது. அளவுக்காக விளைவித்த பழைய பெயர் அதன் பிறகும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்குள்ள ஃபித்தூ வட்டாரத்துக்கு 1948இலேயே ஏ.ஓ.சி. தகுதி (பிறப்பிடத்தையும் தயாரிப்பு முறையையும் உறுதிசெய்யும் தரச் சான்று) கிடைத்துவிட்டாலும், ஃபோழேர், சேன் சினியான் ஆகியவை 1982 வரையிலும், கோர்பியேர், மினெர்வுவா ஆகியவை 1985 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் இப்பகுதியின் நல்ல புட்டிகள் நியாயமான விலையில் கிடைப்பதற்கு இந்தப் பழைய பெயரே காரணம் என்பது என் கருத்து. நமக்கு அதில் வருத்தம் இல்லை.

தேர்வுக்கு வருகிறேன். பெருங்கடைகளில் புட்டியின் கழுத்தருகே மின்னும் தங்கப் பதக்க ஒட்டுத்தாளை நம்பி வாங்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இருந்தது. மார்ச் மாதக் கூட்டத்தில் புட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி, எண் மட்டும் இட்டு, ஊற்றிப் பார்த்தோம். பதக்கம் பெற்றிருந்த புட்டி பழக்கூழின் இனிப்போடு தொடங்கித் தொண்டையில் சாராயச் சூட்டை மட்டும் விட்டுச்சென்றது. பதக்கம் ஏதுமில்லாத ஃபோழேர் ஒன்று முதலில் வாய் திறக்கவே இல்லை. அரை மணி நேரம் அகன்ற கண்ணாடிக் குடுவையில் காற்றாடிய பின், கருந்திராட்சையின் வாசமும், வெயிலில் காய்ந்த தைம், ரோஸ்மேரிச் செடிகளின் வாசமும் கூடி வந்தன. கையெழுப்பிய வாக்கெடுப்பில் அதற்கே முதலிடம் கிடைத்தது. பொருளாளர் மட்டும் பதக்கப் புட்டியின் பக்கமே கடைசிவரை நின்றார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பதக்கத்தை விட்டால் எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு மண், திராட்சை வகை, புட்டியில் அடைத்த இடம் ஆகிய மூன்றையும் பார்க்கலாம் என்பதே ஆண்டு முழுவதும் நாம் கண்ட விடை. ஃபோழேரின் பலகைக்கல் மண்ணும், சேன் சினியானின் வடபாதியில் உள்ள அதே வகைக் கல்லும் ஒயினுக்கு ஒருவகைக் கூர்மையைத் தருகின்றன. சேன் சினியானின் தென்பாதியிலும், கடலோர லா கிளாப் குன்றிலும் உள்ள சுண்ணாம்புப் பாறை வேறு முகம் காட்டுகிறது. சற்று உயரத்தில், இரவில் குளிரும் பிக் சேன் லூ, தெராஸ் தியு லார்ஸாக் ஆகிய இடங்களின் ஒயினில் வெயிலின் கனத்தோடு புளிப்பும் தங்கியிருப்பதால் அவை சலிப்பதில்லை. சிரா, கிரெனாஷ், மூர்வெத்ர், சேன்ஸோ, கரிஞான் ஆகிய ஐந்து திராட்சை வகைகளும் பெரும்பாலும் கலந்தே வருகின்றன. ஒற்றைத் திராட்சையின் பெயரைப் பெரிதாக அச்சிட்ட புட்டி வேண்டுமென்றால் பேய் தோக் என்ற ஐ.ஜி.பி. வகையில் (ஏ.ஓ.சி.யைவிடத் தளர்வான விதிகள் கொண்ட பிறப்பிடச் சான்று) தேடலாம். தோட்டத்திலேயே அடைத்தது என்ற வரி முகப்புத் தாளில் இருப்பது நல்லது. அதற்காகக் கூட்டுறவுக் கூடங்களின் ஒயினைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை, அவற்றுள் சில நம் மேசையில் தனியார் தோட்டங்களை முந்தின.

கரிஞான் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பிரான்சிலேயே மிக அதிகமாகப் பயிரான இந்தத் திராட்சை, கடுந்துவர்ப்பு என்று பழிக்கப்பட்டு, வேரோடு பிடுங்குபவர்களுக்கு மானியம் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டது. அண்மையிலும் கொடிகளை நிரந்தரமாக அகற்றுவோருக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ அறிவிக்கப்பட்டது. குலைகளை நசுக்காமல், கரியமில வாயு நிறைந்த மூடிய தொட்டியில் இட்டால், பழத்தின் உள்ளேயே நொதித்தல் தொடங்கி, நிறமும் பழச்சுவையும் சாற்றில் சேரும், துவர்ப்பு அவ்வளவாகச் சேராது. முதிய கொடிகளின் கரிஞானை இவ்வாறு செய்த ஒரு கோர்பியேரை ருசித்த பின், பழிச்சொல் கொடிக்கு உரியதன்று, அளவுக்கு மீறி விளைவித்தவர்களுக்கு உரியது என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கூறியதைக் கூட்டம் ஏற்றுக்கொண்டது.

பரிமாறும் முறையில் நாம் செய்த ஒரே பெரிய மாற்றம் வெப்பநிலை. இப்பகுதியின் ஒயின்களில் 14 சதவீத ஆல்கஹால் சாதாரணம். கோடையில் அறையின் சூட்டிலேயே ஊற்றினால் அது மூக்கில் ஏறும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து 16 டிகிரி அளவில் ஊற்றியபோது அதே புட்டி வேறு ஒயின் போல இருந்தது. உணவைப் பொறுத்தவரை, காஸ்தெல்நோதாரி ஊரின் காசுலேயும் (வெள்ளை பீன்ஸும் இறைச்சியும் சேர்த்து மெல்ல வேகவைத்த உணவு), அடுப்பில் வாட்டிய செம்மறி இறைச்சியும் கனமான மினெர்வுவாவுக்கு இயல்பாகப் பொருந்தின. நம் வீட்டு ஆட்டுக்கறிக் குழம்போடு அது பொருந்தவில்லை. மிளகாயின் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் கூட்டிக் காட்டியது. சேன்ஸோ மிகுந்த இளம் ஒயினைச் சற்றுக் குளிரவைத்துக் கொடுத்தபோது குழம்பும் ஒயினும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருந்தன. சாராயச் சூட்டைத் தவிர்க்க மிளகுக் கறியே மேல் என்று பெண்கள் பக்கத்திலிருந்து வந்த யோசனை அடுத்த ஆண்டு சோதிக்கப்படும்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி கோர்பியேரில் மூண்ட காட்டுத்தீ ஏறத்தாழ 16,000 ஹெக்டேரை எரித்தது. நாம் செல்லத் திட்டமிட்டிருந்த இலையுதிர்காலப் பயணம் அதனால் நிறுத்தப்பட்டது. பயணத்துக்கு ஒதுக்கிய தொகையில் அப்பகுதியின் பழைய ஆண்டுப் புட்டிகளை நேரடியாக விவசாயிகளிடம் வாங்குவது என்று செயற்குழு முடிவெடுத்தது. தீயின் புகை பழத்தோலில் படிந்து ஒயினில் சாம்பல் வாசம் ஏறுவதுண்டு என்பதால், 2025ஆம் ஆண்டு விளைச்சலைச் சுவைத்துப் பார்த்த பின்னரே வாங்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வண்டி ஓட்டுவோர் துப்புவதற்கான பாத்திரத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி அப்படியே தொடர்கிறது. வரும் ஆண்டில் தெற்கே ருசியோனுக்கு இறங்கி, கோலியூரின் சிவப்பு ஒயினையும், மோரி, பன்யுல்ஸ் ஆகியவற்றின் இனிப்பு ஒயின்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்