உப்புத் தண்ணீரில் எதை வைப்பது?

புதுச்சேரி
ஆனி கடைசி வாரம்

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் வந்தன. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு மாறியதில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கும் எல்லோரும் நலம். வெயில்தான் இன்னும் இறங்கவில்லை.

மாடித் தோட்டத்தில் பீன்ஸ் இலை ஓரம் கருகுகிறது என்று வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருக்கிறாய். அதை நிறுத்து, அது பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. படத்தில் செடிப் பையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதுதான் காரணம். உன் போர் தண்ணீரில் உப்பு அதிகம். செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பைப் பையிலேயே விட்டுவிடும். நீ காலையும் மாலையும் அரைச் சொம்பு தெளிப்பதால் அடியில் ஒரு சொட்டும் வடிவதில்லை, உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. ஊற்றினால் ஐந்தில் ஒரு பங்காவது அடித்துளை வழியாக வெளியேறும்படி ஊற்று. பையை நேரே தளத்தில் வைக்காதே. இரண்டு செங்கல் மேல் வைத்தால்தான் துளை அடைபடாமல் வடியும்.

முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கு, லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். 500க்குள் காட்டினால் எதையும் வைக்கலாம். 1000 தாண்டினால் பீன்ஸ், கேரட், முள்ளங்கி மூன்றையும் மறந்துவிடு. உப்பென்றாலே சுருண்டுவிடுகிற ஜாதி. கத்தரி, தக்காளி ஓரளவு தாங்கும், காய் சிறுக்கும். 2000 பக்கம் போனால் கொத்தவரை, காராமணி, பீட்ரூட், பருப்புக்கீரை. கொத்தவரைக்கு இருக்கும் உப்புத் தாங்கும் சக்தி நம் வீட்டுக் காய்களில் வேறு எதற்கும் இல்லை என்பேன். கடலோர மாடிக்கு அதுதான் முதல் காய். யாரும் அதை மதிப்பதில்லை, சரியாகப் பொரியல் செய்யத் தெரியாததால் இருக்கும். ஆர்.ஓ. மிஷினில் வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் செடிக்கு விடாதே. உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும்.

இப்போதிருக்கும் பைகளை அலசிவிடலாம். 12க்கு 12 அங்குலப் பையில் ஏறக்குறைய 20 லிட்டர் கலவை இருக்கும். அதே அளவு நல்ல தண்ணீரை மூன்று தவணையாக, அரை மணி இடைவெளி விட்டு, மெதுவாக ஊற்று. ஒரே மூச்சில் கொட்டினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடு மண் அப்படியே இருக்கும். உப்போடு சத்தும் கரைந்து போவதால், இரண்டு நாள் கழித்துப் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடு. நல்ல தண்ணீருக்கு மழைதான் வழி. நூறு சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 90 லிட்டர் விழும். குழாய் வாயில் ஒரு டிரம் வைத்தால் போதும். 1600 காட்டும் போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி மழைத் தண்ணீர் கலந்தால் 800க்கு வந்துவிடும்.

புதுப் பைக்குக் கலவை: செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒன்று, மண்புழு உரம் ஒன்று, பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. கலந்து நனைத்துப் பத்து நாள் விட்டுப் பிறகு விதை. நார்க்கழிவிலும் உப்பு உண்டு. 5 கிலோ கட்டியை 30 லிட்டரில் ஊறவைத்து வடித்து, இரண்டு மூன்று முறை அலசு. கடைசியாக வடியும் தண்ணீரை மீட்டரில் பார், நீ ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு இறங்கியிருந்தால் நிறுத்தலாம். நனைந்த பை 20 கிலோவுக்கு மேல் கனக்கும். நடுத்தளத்தில் குவிக்காமல் சுவரோரமாகவும் பீம் மேலும் வரிசையாக வை.

ஆடிப்பட்டம் நெருங்கிவிட்டது. ஆனால் நம் கரையில் ஐப்பசிக்குள் முடிகிற காயாகப் பார்த்துப் போடு. கொத்தவரை, வெண்டை இரண்டும் ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கி, தீபாவளி வரை ஓடிவிடும். பந்தல் கொடியெல்லாம் புயல் காலம் கழிந்து தை மாதத்துக்குத் தள்ளு. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. மாடியில் பந்தல் போட்டால், காற்று எச்சரிக்கை வந்ததும் வலையை அவிழ்த்துச் சுருட்டும்படி சுருக்கு முடிச்சாகக் கட்ட வேண்டும். கம்பியை முறுக்கிக் கட்டினால் காற்று தூணோடு பிடுங்கும்.

பீர்க்கு பிஞ்சாகவே உதிர்கிறது என்று கேட்டிருந்தாய். பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும். நீ காலையில் போய் மகரந்தம் தொட்டால் எப்படிப் பிடிக்கும்? ஐந்தரை, ஆறு மணிக்கு மேல், அடியில் குட்டிக்காய் இல்லாத ஆண் பூவைப் பறித்து, இதழை ஒதுக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவு. சுரை, புடலையும் மாலையில்தான். பாகலும் பூசணியும் காலையில்.

முதுநகர் துறைமுகம் பக்கத்தில் இருக்கும்போது உரத்துக்கு ஏன் கடைக்கு ஓடுகிறாய்? மீன் கழிவு ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ, மூடி இறுகும் டப்பாவில் போட்டு மூன்று வாரம் நிழலில் வை. தேன்போல் தெளிந்த சாற்றை வடித்து லிட்டருக்கு 5 மி.லி. கலந்து ஊற்று. கருவாட்டுக் கழிவு மட்டும் வேண்டாம், அதுவும் உப்பு.

கொத்தவரை விதையைக் கூரியரில் அனுப்புகிறேன். பைக்கு மூன்று ஊன்றி, முளைத்ததும் இரண்டை விட்டு மிச்சத்தைப் பிடுங்கு. போர் தண்ணீர் எத்தனை காட்டுகிறது என்று எழுது, பிறகு தக்காளி பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
முருகையன்