கோஷு கொடியும் உன் பந்தலும்

கொழும்பு 06

அன்புள்ள சிவா,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? வெள்ளவத்தையில் இந்தக் கிழமை ஓயாத மழை.

வெள்ளை வைன் செய்ய ஜப்பானின் யமனாஷியில் விளையும் கோஷுத் திராட்சையை நீ தெரிந்தெடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மழைநாட்டுக் கொடி அது. உன் இஸ்ரேல் புளூ திராட்சை போலப் பந்தலில் படர்ந்தே பழகியது. தடித்த இளஞ்சிவப்புத் தோல், வெள்ளைச் சாறு. 2010இல்தான் சர்வதேச வைன் அமைப்பின் இரகப் பட்டியலில் ஏறியது. குலையில் மழைநீர் தங்காதிருக்க அங்கே காகிதத் தொப்பி கட்டுவார்கள்.

உனக்குச் சிக்கல் பருவத்தில்தான். துளிர்ப்பிலிருந்து அறுவடைக்கு அங்கே ஏறக்குறைய ஐந்தரை மாதம். உன் வெயிலில் சற்று முந்தலாம். தையில் கவாத்துச் செய்தால் ஆடிக்குள் முதிரும், மாரி மழைக்கு அகப்படாது. குளிர் இல்லாத இடத்தில் நுனி மொட்டு மட்டும் வெடித்து மற்றவை கிடந்துவிடும். வெட்டிய ஓரிரு நாளில் மொட்டுகளை ஒருமிக்கத் துளிர்க்கவைக்கும் ஹைட்ரஜன் சயனமைட்டை (50 வீதக் கரைசல், லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லி) மொட்டுகளில் பூசு. கையுறை கட்டாயம். அதைத் தொட்ட நாளிலும் அடுத்த சில நாட்களிலும் மது ஒரு மிடறும் கூடாது. உடலில் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. சோளகக் காற்று தொடங்குமுன் தளிர்களைக் கம்பியில் கட்டிவிடு.

யூரியாவை அள்ளிப் போடாதே. பந்தலுக்குக் கீழே வெயில் புள்ளிபுள்ளியாக விழவேண்டும், இருண்டால் பூஞ்சணம்தான். பூஞ்சணத்துக்குத் தெளிக்கும் போடோக் கலவைக்கு 100 லீற்றர் தண்ணீருக்குத் துருசு (செப்புச் சல்பேற்று) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. துருசு நீரைச் சுண்ணாம்பு நீருக்குள் ஊற்று, பிளாஸ்டிக் வாளியில். பளபளப்பான ஆணியை அமிழ்த்திப் பார். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது, இலை கருகும். இலையின் அடிப்பக்கம் நனையவேண்டும், அடிச்சாம்பல் நோய் நுழைவது அங்கேதான்.

தளிருக்கு ஒரு குலைக்கு மேல் விடாதே. கோஷுவில் 18 பிரிக்ஸ் (சாற்றின் சீனி அளவு) வருவதே சிரமம். காய்ப்பு கூடினால் சாறு வெறும் தண்ணீர். லீற்றருக்கு 17 கிராம் சீனி சேர்த்தால் மதுசாரம் 1 வீதம் ஏறும். தோலில் கசப்பு இருப்பதால் மெதுவாகப் பிழி. கடைசிச் சாற்றைத் தனியே வை. நொதிப்பு 15–18 பாகையில் நடக்கட்டும், அதற்குமேல் வாசனை பறந்துவிடும்.

நடுவதற்கான கோஷுத் தடியைப் பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவராதே. கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் இறக்குமதி அனுமதி முதலில். வைன் செய்ய மதுவரித் திணைக்கள உரிமமும் வேண்டும். கிணற்றுநீரின் உப்புப் பரிசோதனை முடிவை அனுப்பு, கோஷுவை ஒட்டுவதற்கான வேர்க்கட்டையை அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கலாம்.

அன்புடன்,
ரவி