நைனா உடைத்த கல்

அன்புள்ள கண்ணுக்கு,

குப்பம் வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மற்றபடி எல்லாரும் நலம். தினமும் போனில் பேசுகிறோம்தான், ஆனால் நியூசிலாந்தில் அந்த எரிமலைத் தீவு ரங்கிடோட்டோவுக்கு நாம் போன நாளைப் பற்றி ஆரம்பித்தாலே பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், நான் சொல்ல வந்தது நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பெரியவனிடம் ஒரு தப்பான பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அதைத் திருத்த வேண்டும்.

அன்று படகு ஏறும் முன்பு நீ பிள்ளைகளின் ஷூவைத் திருப்பித் திருப்பித் தேய்த்ததும், விதையோ எறும்போ ஒட்டியிருக்கக் கூடாது என்று பைகளைக் கொட்டிப் பார்த்ததும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு தீவை அப்படிக் காப்பாற்றுகிறார்கள். அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். இறங்கினால் எங்கும் கருப்பு, உடைத்துக் கொட்டிய மாதிரி கல், மண்ணே இல்லை. பெய்கிற மழையெல்லாம் கல் இடுக்கில் இறங்கிப் போய்விடுவதால் ஓர் ஓடைகூடக் கிடையாது, கடையும் கிடையாது; மாப்பிள்ளை அத்தனை தண்ணீர் பாட்டிலைச் சுமந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் அந்த வெறும் கல்லின் வெடிப்பில் வேர் விட்டு பொஹுதுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்து நின்றனவே, அதை இங்கே யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.

அந்தத் தீவு கடலுக்குள்ளிருந்து எழும்பி சுமார் 600 வருஷம்தான் ஆகிறதாம். நம்ம பக்கம் விஜயநகர ராஜாக்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். பக்கத்துத் தீவான மோட்டுடாப்புவில் அப்போதே அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி ஜனங்கள் குடியிருந்திருக்கிறார்கள், சாம்பல் விழுந்த தரையில் அவர்கள் நடந்த காலடியும் நாயின் காலடியும் பதிந்து, பிற்காலத்தில் தோண்டியபோது கிடைத்திருக்கின்றன. எரிமலை பொங்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சாம்பலில் நாயைக் கூட்டிக்கொண்டு யாரோ நடந்து போயிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் சின்னவள் அந்த நாய்க்கு என்ன ஆச்சு என்று சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

குகைக்குள் டார்ச் அடித்துக் குனிந்து போனபோது பெரியவன், கல்லுக்குள் ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டான். சித்தூர் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற இடத்தைச் சொன்னேன். பாகை ஊற்றினால் மேலே ஆடை கட்டி இறுகும், அடியில் சூடாக ஓடிக்கொண்டே இருக்கும்; எரிமலைக் குழம்பும் அப்படித்தான், உள்ளே இருந்தது ஓடி வடிந்துவிட்டால் மேல்கூரை மட்டும் நிற்கும். அது சரியான பதில்தான்.

தப்பு நடந்தது உச்சியில். 259 மீட்டர்தான் என்றாலும் சின்னவளைத் தோளில் வைத்து ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, அந்தப் பெரிய பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவன், "தாத்தா, உங்க ஊர்ல எரிமலை இருக்கா?" என்றான். யோசிக்காமல் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் கொஞ்சம் வாடிப்போனது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வாரம் பென்ஷன் விஷயமாகப் பங்காருப்பேட்டை வரை ரயிலில் போனேன். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த என் பழைய சிநேகிதன் கூட வந்தான். தீவில் எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவன் சொன்னான், உங்க நைனா ஆயுசு முழுக்க உடைத்ததும் இதே கல்தான்டா என்று.

நிஜம்தான் கண்ணு. தங்கவயலில் இருக்கிற அந்தக் கரும்பாறை ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பாக ஓடியது. ஏறத்தாழ 270 கோடி வருஷத்துக்கு முன்பு. பூமிக்குள் அழுந்தி, சுட்டு, உருமாறிக் கெட்டியாகிவிட்டது, அதன் வெடிப்புகளில் வெள்ளைக்கல் நரம்பாக ஏறி, அந்த நரம்பில்தான் தங்கம். தண்ணீருக்குள் பொங்கிய குழம்பு தலையணை தலையணையாக உறைந்த பாறைகூட அங்கே இருக்கிறது, தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். இந்தப் பாறைப்பட்டை தெற்கே இறங்கி நம்ம பிசாநத்தம் வரை வருகிறது. பிசாநத்தம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் நீ காலேஜுக்குப் போய் வந்தாய்.

என் நைனா, உன் தாத்தா, தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டில் இறங்குவார். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். "அடியில பாறையே சுடும்டா, கையை வைக்க முடியாது" என்பார். வேஷ்டியைப் பிழிந்தால் வேர்வை ஊற்றும் என்பார். 2001இல் சுரங்கத்தை மூடியபோது அவர் இல்லை. தான் உடைத்தது எரிமலை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதை நினைத்தால்தான் மனசு என்னவோ போல் ஆகிறது. தெரிந்திருந்தால் எவ்வளவு ஆசையாக எங்களுக்குச் சொல்லியிருப்பார்.

அதனால் பெரியவனைக் கூப்பிட்டுச் சொல்லு. தாத்தா ஊரிலும் எரிமலை இருந்தது, அவன் ஏறியதைவிட மிக மிகப் பழசு, மலை தேய்ந்து போய்விட்டது, கல் மட்டும் மிச்சம் என்று சொல்லு. அடுத்த லீவுக்குக் கட்டாயம் வாருங்கள். காலையில் இங்கே ரயில் ஏறினால் பங்காருப்பேட்டையில் மாறி, தங்கவயலில் இருக்கிற மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போய், எல்லாம் காட்டிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். வெயிலுக்கு முன்பு வந்தால் சின்னவளுக்கு நல்லது.

தீவில் பெரியவன் ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நீ சொன்னதும் திரும்ப அதே இடத்தில் வைத்தானே, அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நைனா கொண்டுவந்து வைத்த கருங்கல் ஒன்று, நடுவில் வெள்ளைக்கோடு ஓடுவது, நம் வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்குமே, நீகூட அதன்மேல் உட்கார்ந்து பூ கட்டுவாய். நேற்று அதைக் கழுவித் துடைத்து உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன். அவனுக்காக.

அன்புடன்,
அப்பா