குடும்ப நாள்: சாப்பாடும் பலகாரமும்

சுங்கை சிப்புட் தோட்டக் குடியிருப்பு உறவுகளுக்கு வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகிறோம். காலை 7 மணிக்குக் கோயில் வாசலிலிருந்து பஸ் புறப்படும்.

1. கடைச் சாப்பாடு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கட்டுச்சோறு கொண்டு வாருங்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு நல்லது. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), தேங்காய்ச் சட்னி வேண்டாம். தேங்காயோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தது இந்த வெயிலில் மதியத்திற்குள் கெட்டுவிடும்.

2. பிள்ளைகளுக்கு முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கச்சான் (நிலக்கடலை). வீட்டுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்). சனிக்கிழமை மாலை 4 மணிக்கு மண்டபத்தில் சேர்ந்து சுடுவோம். மாவு பிசைய ஆள் வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு பொட்டலம்தான். எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையின் கையைப் பார்த்து ஏங்கி நிற்கக் கூடாது. பணம் கொடுக்க இயலாதவர்கள் கவலைப்படாமல் வாருங்கள், உங்கள் பிள்ளைக்கும் பொட்டலம் உண்டு.

3. ரோஸ் சிரப் தண்ணீரைப் போத்தலில் முக்கால் அளவு ஊற்றி, முதல் நாள் இரவே உறைய வையுங்கள். உணவுப் பைக்கு அதுவே ஐஸ்கட்டி; மதியம் உருகியதும் பிள்ளைகள் குடிக்கலாம்.

4. குடை அவசியம். தைப்பிங் மழையை நம்ப முடியாது.

பெரியவர் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்காவது கச்சான் ஒத்துக்கொள்ளாதா என்பதை வியாழன் இரவு 9 மணிக்குள் இங்கே எழுதுங்கள்.